வெயிலில் வெளுத்த வண்டிப் பெயிண்டில் ஸ்டிக்கர் எழுத்து ஒட்டுவதற்கு முன்

ஷேர் ஆட்டோவிலோ குட்டி யானையிலோ பள்ளி வேனிலோ ஒட்டிய பெயர் எழுத்து, ஒரு கோடை முடிவதற்குள் ஓரம் தூக்கி உதிரத் தொடங்கினால், ஸ்டிக்கர் மட்டமானது என்று சொல்லிவிடுவது வழக்கமாக இருக்கிறது. பெரும்பாலும் குற்றம் ஸ்டிக்கரில் இருப்பதில்லை. உதிர்ந்த எழுத்தைத் திருப்பிப் பார்த்தால், பசைப் பக்கம் முழுவதும் வண்டியின் நிறத்திலேயே ஒரு பொடி படிந்திருக்கும். பசை பெயிண்டைப் பிடிக்கவே இல்லை. பெயிண்டின் மேல் கிடந்த பொடியைப் பிடித்தது, அந்தப் பொடியோடு சேர்ந்து வந்துவிட்டது. ஆகவே பழைய வண்டியில் எழுத்து ஒட்டும் வேலையில் முக்கால் பங்கு, பொடியையும் எண்ணெயையும் நீக்கி உறுதியான பெயிண்டைக் கண்டடைவதில் இருக்கிறது.

பெயிண்ட் என்பது நிறத்தூளும் அதைப் பிணைத்து நிறுத்தும் பிசினும் கலந்த படலம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் மேல் அடுக்கிலுள்ள பிசினைச் சிறிது சிறிதாகச் சிதைத்துவிடுவதால், நிறத்தூள் பிடிப்பை இழந்து மேற்பரப்பில் தங்கிவிடுகிறது. விரலால் தடவினால் திருநீறு போல ஒட்டிக்கொண்டு வருவது இதுதான். சித்திரையிலும் வைகாசியிலும் 40 டிகிரி செல்சியஸை எட்டும் மதுரை வெயிலில், மாட்டுத்தாவணியிலும் ஆரப்பாளையத்திலும் நிழல் இல்லாமல் நாள் முழுவதும் நிற்கும் வண்டிகளுக்கு இது விரைவாகவே நேர்ந்துவிடுகிறது. இதன் மேல் இன்னும் சில சேர்கின்றன. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டதால் வெள்ளைத் திட்டுகள் படிகின்றன. கல் குவாரிப் பக்கம் ஓடும் வண்டிகளில் கல் தூசி ஏறியிருக்கிறது. எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது, மங்கிய வண்டியைப் பளபளப்பாகக் காட்டுவதற்காக டீசல் நனைத்த துணியாலோ தேங்காய் எண்ணெயாலோ துடைக்கும் பழக்கம். பொடிந்த பெயிண்ட் நுண்துளைகள் நிறைந்தது என்பதால் அந்த எண்ணெயை உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது. ஆகவே வண்டியைத் தொடுவதற்கு முன்னால், இதுவரை எதைக் கொண்டு துடைத்தீர்கள் என்று உரிமையாளரிடம் கேட்டுக்கொள்வது மிகவும் பயனுள்ளது.

அடுத்ததாக, எந்த வகைப் பெயிண்ட் என்பதை அறிய வேண்டும். வெள்ளைத் துணியில் சிறிது ரப்பிங் காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் களிம்பு) எடுத்து ஓரிடத்தில் தேய்த்துப் பார்த்தால், துணியில் வண்டியின் நிறம் ஏறினால் மேலே கிளியர் எனப்படும் நிறமற்ற மேற்பூச்சு இல்லாத ஒற்றைப் பூச்சு என்று பொருள். நிறம் ஏறாவிட்டால் நிறப்பூச்சின் மேல் கிளியர் இருக்கிறது. ஒற்றைப் பூச்சானால், கண்ணில் படாத ஓரத்தில் தின்னர் தொட்ட துணியைச் சற்று நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். நிறம் கரைந்து வந்தால் அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட், அந்த வண்டியில் அதற்குப் பிறகு எந்த வேலைக்கும் தின்னரைப் பயன்படுத்தக் கூடாது. எனாமல் அடித்த வண்டியிலும் தின்னர் பட்ட இடம் சுருங்கித் தூக்கிக்கொள்ளலாம். பட்டறைகளில் எல்லாவற்றையும் துடைக்கக் கைக்கு எட்டும் தின்னர் டப்பா, பழைய பெயிண்டைப் பொறுத்தவரை உதவியைவிடக் கேட்டையே அதிகம் செய்கிறது.

கிளியர் படலம் படலமாக உரிந்துகொண்டிருந்தால், அல்லது பெயிண்டில் வலைப்பின்னலாக வெடிப்பு விட்டிருந்தால், தேய்த்துச் சரிசெய்யலாம் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். உரியும் கிளியரின் மேல் எவ்வளவு நல்ல ஸ்டிக்கர் ஒட்டினாலும் கிளியரோடு சேர்ந்து உரியும். வெடிப்புக்குள் இருக்கும் ஈரமும் எண்ணெயும் பசையை அடியிலிருந்து தளர்த்தும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பெயிண்டும் அடியில் பிடிப்பு இல்லாமல் இருக்கக்கூடும் என்பதால், அதே பக்கவாட்டின் கீழ்ப்பகுதியில் புதிய பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடுகள் நெடுக்காகவும் ஆறு கோடுகள் குறுக்காகவும் தகடு வரை கீறி, அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, உடனே இழுத்துப் பார்க்க வேண்டும். கட்டங்கள் அப்படியே நின்றால் மேற்கொண்டு செல்லலாம். டேப்போடு கட்டங்கள் பெயர்ந்து வந்தால் அந்தத் தகடு பெயிண்ட் பட்டறைக்குப் போக வேண்டியது. கீறிய இடத்தில் பிரைமரும் பெயிண்டும் தொட்டு வைக்காவிட்டால் அங்கேயே துரு பிடிக்கும்.

மறுபெயிண்ட் செலவு என்றதும் உரிமையாளர் தயங்குவது இயல்பு. முழு வண்டிக்கும் அடிக்க வேண்டியதில்லை. எழுத்து வரும் தகட்டை மட்டும் துரு நீக்கி, பட்டி வைத்து, பிரைமர் கொடுத்து அடித்தால் போதும். ஆனால் அடித்த மறுநாளே ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. புதிய பெயிண்டிலிருந்து கரைப்பான் ஆவி பல நாட்கள் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஸ்டிக்கர் மூடிவிட்டால் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். சூட்டறையில் உலர்த்திய பெயிண்டிற்குக் குறைந்தது ஒரு வாரமும், வெறும் காற்றில் உலர்ந்ததற்கு மூன்று நான்கு வாரங்களும் விடுவது பாதுகாப்பானது. சித்திரைத் திருவிழாவிற்கு முன் எழுத்து வேண்டும், ஆயுத பூஜைக்கு முன் எழுத்து வேண்டும் என்று வருபவர்களிடம் இந்தக் கால அளவை முன்கூட்டியே சொல்லிவிடுவதே நேர்மையான முறை.

பெயிண்ட் தேறும் என்று தெரிந்தபின், பழைய ஸ்டிக்கரை எடுக்க வேண்டும். ஹீட் கன்னையோ முடி உலர்த்தியையோ சற்றுத் தள்ளிப் பிடித்துச் சூடேற்றி, ஓரத்திலிருந்து மெதுவாகப் பின்னோக்கி மடித்து இழுத்தால் பசை குறைவாகத் தங்கும். தங்கிய பசையை மண்ணெண்ணெய் தொட்டு நீக்கலாம். அந்த மண்ணெண்ணெயும் ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும் என்பதை மறக்கக் கூடாது. பழைய எழுத்து இருந்த இடம் வெயில் படாததால் அடர்நிறமாகவே இருக்கும். தேய்த்த பிறகும் அந்த நிழல் முழுவதும் மறையாது. புதிய எழுத்து அதைவிடச் சற்றுப் பெரியதாக இருப்பது, அல்லது அந்த இடத்தை முழுவதும் மூடும் ஒரு பட்டையின் மேல் எழுத்து அமைவது நல்ல தீர்வு.

இங்கே வரிசை முக்கியம். முதலில் எண்ணெயை நீக்க வேண்டும், அதன் பிறகே தேய்க்க வேண்டும். எண்ணெயும் மெழுகும் சிலிகான் பாலிஷும் இருக்கும்போதே வாட்டர் பேப்பர் (நீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டால், அவை கீறல்களுக்குள் இறங்கி, பின்னர் எத்தனை முறை துடைத்தாலும் வெளிவருவதில்லை. மெழுகு கலந்த கார் ஷாம்பு இதற்கு உதவாது. சாதாரணப் பாத்திரம் கழுவும் திரவத்தை நீரில் கலந்து, மேலிருந்து கீழாக இரண்டு முறை கழுவி, நல்ல தண்ணீரால் அலச வேண்டும். உப்புத் தண்ணீர் தவிர வேறு இல்லையென்றால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து, காயவிடாமல் உடனே துடைத்துவிட வேண்டும். முன்பே படிந்த வெள்ளைத் திட்டுகள் நீர் கலந்த வினிகருக்கு இளகும். பூஜை நாளில் வைத்த சந்தனமும் குங்குமமும் பொடிந்த பெயிண்டிற்குள் கறையாக இறங்கியிருந்தால், அவை தேய்க்கும்போதுதான் போகும்.

தேய்ப்பதற்கு 1500 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி 2000-இல் முடிப்பது போதுமானது. தகட்டின் மடிப்புகளிலும் ஓரங்களிலும் பெயிண்ட் மெல்லியதாக இருப்பதால், அந்த இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு தட்டையான இடத்தை மட்டும் தேய்க்க வேண்டும். பேப்பரை ரப்பர் கட்டையில் சுற்றி, தாராளமாக நீர் விட்டு, கையின் கனம் மட்டும் பட நேர்கோட்டில் தேய்த்தால், முதலில் பால் போன்ற நிறநீர் ஓடும். அது சிதைந்த மேலடுக்கு. நிறம் தெளிந்து, பெயிண்டின் உண்மையான நிறம் தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். பிரைமரின் நிறம் எட்டிப் பார்த்தால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். எழுத்து வரும் இடத்தை மட்டும் தேய்த்தால் அந்தக் கட்டம் தனித்துத் தெரியும் என்பதால், ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்பு வரை முழுத் தகட்டையும் செய்ய வேண்டும். பிறகு காம்பவுண்ட் போட்டுக் கீறல்களை மழுக்கலாம். கண்ணாடிப் பளபளப்புத் தேவையில்லை, வழவழப்பு இருந்தால் போதும். காம்பவுண்டிலும் எண்ணெய் உண்டு. எனவே மறுபடியும் சோப்புக் கழுவல்.

கடைசித் துடைப்பில்தான் அவசரம் மிகுதியாக நுழைகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 70 பங்கும் பேட்டரி தண்ணீர் (ஆசிட் அல்ல, காய்ச்சி வடித்த நீர்) 30 பங்கும் கலந்துகொள்ள வேண்டும். தனி ஆல்கஹால் துடைக்கும் முன்பே பறந்துவிடும். கலந்தால் சற்று நேரம் ஈரமாக நின்று அழுக்கைத் தூக்கித் தரும். ஒரு துணியை நனைத்துத் துடைத்து, அந்த ஈரம் காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். ஈரம் தானாகக் காய்ந்தால் கரைந்த எண்ணெய் இருந்த இடத்திலேயே திரும்பப் படியும். இரண்டு துணிகளின் முகத்தையும் அடிக்கடி மாற்ற வேண்டும். பனியன் வேஸ்ட் நூலை உதிர்க்கும் என்பதால் மைக்ரோஃபைபர் துணியே ஏற்றது. கை கழுவும் சானிடைசரில் பொதுவாகக் கிளிசரின் சேர்ந்திருப்பதால் அதை மாற்றாகக் கொள்ளக் கூடாது. என்.சி. பெயிண்டில் ஆல்கஹாலை ஊறவிடாமல், ஓரத்தில் சோதித்துவிட்டு விரைவாகத் துடைக்க வேண்டும். இது தீப்பற்றும் பொருள். பக்கத்தில் பீடியோ வெல்டிங்கோ இருக்கக் கூடாது.

பரப்பு தயாரா என்பதைச் சோதிக்க நீர் தெளித்துப் பார்ப்பவர்கள் உண்டு. நீர் முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது, விரிந்து படிந்தால் சுத்தம் என்பது கணக்கு. நல்ல பெயிண்டிற்கு இது சரி. வெளுத்த பெயிண்டில் இதை மட்டும் நம்பக் கூடாது, ஏனென்றால் பொடி நீரை உறிஞ்சிக்கொண்டு, சுத்தமாக இருப்பது போலவே காட்டும். நனைந்த இடம் கறுத்துத் தெரிந்தால் உறிஞ்சுகிறது என்று அறியலாம். எனவே நன்றாகக் காய்ந்தபின் அகலமான செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுத்து, மாறுபட்ட நிறமுள்ள தாளில் ஒட்டிப் பார்க்க வேண்டும். டேப்பில் பொடி தெரியாத வரை தேய்ப்பும் துடைப்பும் தொடர வேண்டும். நேரம் இருந்தால் அதே ஸ்டிக்கரின் துண்டு ஒன்றை ஒட்டி மறுநாள் உரித்துப் பார்ப்பது இன்னும் உறுதியானது.

எழுத்தின் வடிவத்தையும் இந்த இடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். மெல்லிய கோடு கொண்ட எழுத்திற்குப் பசைப் பரப்பு குறைவு, ஓரம் அதிகம். உரிதல் எப்போதும் ஓரத்தில்தான் தொடங்குகிறது. தமிழில் தனியே நிற்கும் மிகச் சிறிய துண்டு மெய்யெழுத்தின் புள்ளி. அதுவே முதலில் விழும், விழுந்தால் ‘பால்’ என்பது ‘பால’ ஆகிவிடும். பழைய பெயிண்டில் தடித்த எழுத்தையும் பெரிய புள்ளியையும் வெட்டுவது நல்லது. முகவரி, கைபேசி எண் போன்ற சிறிய எழுத்துகளை உதிரியாக ஒட்டாமல், மூலை வளைத்த ஒரே பட்டையில் அச்சிட்டு ஒட்டுவதையே நான் பரிந்துரைப்பேன்.

ஒட்டும் நேரம் காலை. புறங்கையைத் தகட்டில் வைத்து எடுக்காமல் இருக்க முடிந்தால் ஒட்டலாம். சுட்டால் வண்டியை நிழலில் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். சுடும் தகட்டில் பசை தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், ஸ்டிக்கரும் இளகி நீளும். நீண்டது பிறகு சுருங்கி ஓரத்தை இழுக்கும். மார்கழியில் பனி ஈரம் போகும் வரையிலும், ஐப்பசி மழை நாட்களில் தகட்டு இணைப்புகளுக்குள் நிற்கும் நீர் காற்றடித்து வெளியேறும் வரையிலும் பொறுக்க வேண்டும். இணைப்பின் மேல் எழுத்து வந்தால், ஒட்டிய பின் அந்தக் கோட்டில் ஸ்டிக்கரை மட்டும் மெல்ல வெட்டி இரு பக்கமும் அழுத்திவிட வேண்டும். பாலமாக விட்டால் அதற்குள் நீர் புகும்.

ஒட்டி முடித்த வண்டியை ஒரு நாள் நனைக்காமலும், ஒரு வாரம் வாட்டர் சர்வீஸுக்கு விடாமலும் வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு எழுத்தைச் சுற்றியுள்ள பெயிண்ட் மீண்டும் பொடியாமல் இருக்க மெழுகுப் பாலிஷ் போடலாம், எழுத்தின் ஓரத்திற்கு ஒரு விரல் தள்ளி. சர்வீஸ் நிலையத்தில் அடிப்பாகத்திற்கு டீசல் அடிக்கும்போது பக்கவாட்டில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி ஓட்டுநரிடம் சொல்லி அனுப்ப வேண்டும். தெறித்தால் அன்றே சோப்பு நீரால் கழுவிவிட வேண்டும்.