பூங்காவில் ஏதாவது வேண்டுமா? மே மாதம் போய்க் கேட்காதீர்கள்

மே மாதத்தில் ஒரு புதன்கிழமை, மாலை ஏழு மணி. கலிபோர்னியாவில் நாங்கள் குடியிருக்கும் ஊரின் பூங்கா ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்குப் பதினான்கு பேர் போயிருந்தோம். பிள்ளைகள் கிரிக்கெட் பழக நெட்ஸ் வேண்டும் என்பது கோரிக்கை. கண்ணில் படட்டும் என்று பையன்களுக்கு ஜெர்சி மாட்டி முன்வரிசையில் உட்காரவைத்தோம். ஆளுக்கு மூன்று நிமிடம். ஐந்து பேர் பேசினோம். தலைமை வகித்த அம்மையார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வந்ததற்கு நன்றி" என்றார். அவ்வளவுதான். கேள்வி இல்லை, பதில் இல்லை. அடுத்து நாய்கள் விளையாடும் பூங்காவின் வேலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்று பொருமிக்கொண்டிருந்தோம். "நம்ம முகத்தைப் பார்த்ததுமே முடிவு பண்ணிட்டாங்க" என்றார் ஒருவர். பூங்காத் துறை ஊழியர் ஒருவர் தன் காருக்குப் போகிற வழியில் நின்று, "இதை அக்டோபரில் சொல்லியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போனார். அது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று.

அதன்பிறகு அந்தக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன். கேட்கப் போகிறவர்களின் தவறுகளும் தெரிகின்றன, குழுவின் தவறுகளும் தெரிகின்றன. இங்கே சொல்லும் சட்டங்கள் பெரும்பாலும் கலிபோர்னியாவுடையவை. மற்ற மாநிலத்தில் இருப்பவர்கள் தங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மௌனத்தை அவமதிப்பு என்று எடுத்துக்கொள்வது

அன்று அவர்கள் வாய் திறக்காததற்குக் காரணம் எங்கள் முகம் இல்லை, பிரவுன் சட்டம். உள்ளாட்சி அமைப்புகள் எதையும் பொதுமக்கள் முன்னால்தான் பேசி முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லும் கலிபோர்னியாச் சட்டம், 1953-ல் வந்தது. வழக்கமான கூட்டம் என்றால் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே பொதுவில் ஒட்ட வேண்டும். நிரலில் இல்லாத விஷயத்தைப் பொதுமக்கள் பேசலாம். குழு அதை விவாதிக்கக் கூடாது, முடிவெடுக்கவும் கூடாது. நகர மன்றம் முறைப்படி அமைத்த ஆலோசனைக் குழுக்களுக்கும் இது பொருந்தும். ஆக, நாங்கள் போனது சுவருடன் பேசத்தான். முதலில் நிரலில் இடம் பிடித்திருக்க வேண்டும். "இந்தப் பொருளை வரும் கூட்டங்களில் ஒன்றில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அந்த மூன்று நிமிடத்தில் கேட்டிருந்தால், அதை ஊழியர்களிடம் ஒப்படைக்க அவர்களால் முடியும். நாங்களோ டெண்டுல்கர் பற்றிப் பேசினோம்.

இன்னொன்று. கூட்டம் முடிந்த கோபத்தில் எங்களில் ஒருவர் ஏழு உறுப்பினர்களுக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பினார். அனுப்புவதில் தவறில்லை. ஆனால் அதற்கு அவர்கள் 'எல்லோருக்கும் பதில்' போட்டுத் தங்களுக்குள் பேச ஆரம்பித்தால், நான்கு பேர் சேர்ந்தாலே அது ரகசியக் கூட்டம் ஆகிவிடும். சட்டமீறல். அதனால்தான் பதில் வரவில்லை. துறை அலுவலகத்துக்கு அனுப்புங்கள், குழுவுக்கான ஆவணங்களோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

குழுவை நகர மன்றம் என்று நினைப்பது

பெயரிலேயே இருக்கிறது, ஆலோசனை. பரிந்துரைப்பார்கள், பணத்தை ஒதுக்குவது நகர மன்றம். மின்னியாபொலிஸ் மாதிரி விதிவிலக்கு உண்டு. அங்கே 1883 முதல் தனிப் பூங்கா வாரியம், மக்களே தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள். பெரும்பாலான ஊர்களில் அப்படி இல்லை. அதற்காகக் குழு சும்மா என்று ஒதுக்கிவிட்டு நேரே மன்றத்துக்குப் போவதும் தவறு. "பூங்காக் குழு என்ன சொன்னது?" என்பதுதான் அங்கே வரும் முதல் கேள்வி.

காலண்டரைப் பார்க்காமல் போவது

இதுதான் பெரிய தவறு. அக்டோபர் ரகசியமும் இங்கேதான்.

கலிபோர்னியாவில் பெரும்பாலான நகரங்களின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. ஜூனில் மன்றம் பட்ஜெட்டை ஏற்கும். எங்கள் ஊரில் அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் இப்படி வருகிறது: ஏப்ரலில் வரைவு பட்ஜெட் தயார். ஜனவரி, பிப்ரவரியில் பூங்காக் குழு செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலைப் பார்த்து எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்துகிறது. அதற்கு முன், குளிர்காலத்தில், ஒவ்வொரு வேலைக்கும் தோராயமாக எவ்வளவு ஆகும் என்று ஊழியர்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் நம் வேலை இருக்க வேண்டும் என்றால், இலையுதிர் காலத்திலேயே யாராவது அதைக் காதில் போட்டிருக்க வேண்டும். மே மாதம் போகிறவன் பந்தி முடிந்து இலை எடுக்கும்போது வருகிறவன்.

அந்தப் பட்டியலும் ஒரு வருடத்துக்கானது இல்லை, ஐந்து வருடத்துக்கானது. வருடா வருடம் ஒரு வருடம் கழியும், ஒரு வருடம் சேரும். புதிதாக நுழைவது பெரும்பாலும் கடைசி வரிசையில். பிறகு முன்னால் நகர்ந்து வர வேண்டும். நகரும் என்று உத்தரவாதம் இல்லை. அதற்கும் மேலே பத்துப் பதினைந்து வருடத்துக்கான பூங்காப் பெருந்திட்டம் ஒன்று இருக்கும். "இது உங்கள் பெருந்திட்டத்தில் இன்ன பக்கத்தில் இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், ஊழியர் நிமிர்ந்து உட்காருவார். நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு உண்டியலை ஒன்றென்று நினைப்பது

கட்டுவதற்கான பணம் வேறு, பராமரிக்கும் பணம் வேறு. 1965-ல் வந்த குவிம்பி சட்டப்படி, நிலத்தை மனை பிரித்து வீடு கட்டுகிறவர்கள் பூங்காவுக்கு நிலம் தர வேண்டும், அல்லது அதற்கு ஈடான தொகை கட்ட வேண்டும் என்று நகரம் விதிக்கலாம். ஆயிரம் பேருக்கு 3 ஏக்கர் என்பது அடிப்படைக் கணக்கு; ஏற்கெனவே பூங்கா அதிகம் உள்ள ஊரில் 5 வரை போகலாம். அந்தப் பணத்தில் புதிய பூங்கா அமைக்கலாம், பழையதைச் சீரமைக்கலாம். புல் வெட்டுகிறவருக்குச் சம்பளம் தர முடியாது. மாநில மானியமும் அப்படித்தான். 2018-ல் வாக்காளர்கள் ஏற்ற 68-ஆம் முன்மொழிவு சுமார் 400 கோடி டாலருக்குக் கடன் பத்திர நிதியைத் திறந்துவிட்டது. பூங்காவுக்கும் அதிலிருந்து நிறையப் போனது. தண்ணீர் பில் கட்ட அதில் காசு கிடையாது.

இதனால் என்ன ஆகிறது? கல்யாணத்துக்குக் கடன் கிடைக்கும், குடித்தனத்துக்குக் கிடைக்காது என்ற கதைதான். எங்கள் பேட்டையில் நீர் பீய்ச்சும் விளையாட்டுத் தளம் ஒன்று கோலாகலமாகத் திறந்தார்கள். மூன்றாவது கோடையில் பம்ப் கெட்டது. அடுத்த கோடை முழுவதும் மஞ்சள் நாடா கட்டிக் கிடந்தது. திறப்பு விழாவில் கத்தரிக்கோல் பிடித்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. குழு எதைப் பரிந்துரைத்தாலும், வருடம் எவ்வளவு பராமரிப்புச் செலவு, எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று அதே தாளில் எழுதச் சொல்ல வேண்டும். கேட்கப் போகிற நாமும் அதைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது.

அளக்காமல் கேட்பது

"அந்த மூலை சும்மாதானே கிடக்கிறது, ஓர் ஊஞ்சல் போடுங்கள்" என்று ஒரு பாட்டி வந்து கேட்டார். நியாயமாகத்தான் தோன்றியது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத்திடல் கையேட்டைப் புரட்டினால் கதை வேறு. ஊஞ்சல் மாட்டியிருக்கும் கம்பியின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு முன்னாலும், இரண்டு மடங்கு பின்னாலும் காலியாக இருக்க வேண்டும். எட்டடி உயரம் என்றால் முன்னே பதினாறு, பின்னே பதினாறு, ஆக முப்பத்திரண்டு அடி. அத்தனை இடத்திலும் விழுந்தால் அடிபடாத தரை. மாற்றுத்திறனாளிக் குழந்தை அங்கே வந்துசேர வழி. அந்த மூலை இருபதடி.

பிக்கில்பால்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். 1965-ல் வாஷிங்டன் மாநிலத்தின் பெய்ன்பிரிட்ஜ் தீவில் பிறந்த விளையாட்டு. இன்று எந்தக் குழுக் கூட்டத்திலும் அவர்கள் பட்டாளம்தான். 20 அடிக்கு 44 அடி ஆடுகளம், ஒரு டென்னிஸ் திடலில் நான்கைப் பொருத்திவிடலாம் என்று வரைபடத்தோடு வருகிறார்கள். அவர்கள் விட்டுவிடுவது சத்தத்தை. கெட்டி மட்டை ஓட்டைப் பந்தில் படும் அந்த 'டொக் டொக்' காலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுப் படுக்கையறையில் கேட்கும். வேலியிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று அளக்காத குழு, ஒரு வருடம் கழித்து அதே அறையில் அந்த வீட்டுக்காரர்களின் திட்டை வாங்கும்.

நாங்களும் பிறகு டேப் எடுத்துப் போனோம். பிட்ச் 22 கஜம், அதாவது 66 அடி; பந்துவீச ஓடிவரும் தூரம் தனி. சாஃப்ட்பால் திடலின் வேலிக்குப் பின்னால் நூறடிக்கு மேல் நீளமான ஒரு துண்டு நிலம் கிடைத்தது. இங்கே யார் கிரிக்கெட் கட்டித் தருவார்கள் என்று நினைக்க வேண்டாம்: வட கரோலைனாவின் மோரிஸ்வில் சின்ன ஊர்தான், அங்கே நகரத்தின் சர்ச் ஸ்ட்ரீட் பூங்காவில் இருக்கும் கிரிக்கெட் மைதானத்தில் 2023-ல் அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான மேஜர் லீக் கிரிக்கெட் ஆட்டங்களே நடந்தன.

வந்தவர்களை மட்டும் எண்ணுவது

இனி குழுவின் முறை. புதன் மாலை ஏழு மணிக்கு யாரால் வர முடியும்? ஓய்வுபெற்றவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள், எங்களைப் போல ஒரு கோரிக்கையோடு கிளம்பியவர்கள். உணவகத்தில் இரவு வேலை பார்ப்பவர், அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்து இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர் வர மாட்டார். பூங்கா அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான். பதினான்கு பேர் ஜெர்சியோடு வந்தால் 'பெரும் ஆதரவு' என்று எழுதிக்கொள்வது எங்களுக்கு லாபம்தான், ஆனாலும் தவறு. அறிவிப்பை வலைத்தளத்தில் போட்டால் போதாது. சனிக்கிழமை பூங்காவிலேயே ஒரு மேசை போட்டு, ஸ்பானிஷ் தெரிந்த ஒருவரை உட்காரவைத்தால் வேறு பதில்கள் வரும். எங்கள் ஊரில் ஒருமுறை அப்படிச் செய்தார்கள். அதிகம் பேர் கேட்டது கழிப்பறையும் நிழலும். ஒருவர் கூட நீர்த் தளம் கேட்கவில்லை.

ஏக்கர் கணக்கை மட்டும் பார்ப்பதும் இதே வகை. ஊரின் ஓரத்தில் குன்றும் காடுமாக நூறு ஏக்கர் இருந்தால் ஆயிரம் பேருக்கு இத்தனை ஏக்கர் என்ற கணக்கு அழகாக வந்துவிடும். பத்து நிமிட நடைக்குள், சுமார் அரை மைலுக்குள், பூங்கா இருக்கிறதா என்பது இன்னொரு அளவுகோல். அதுவும் வரைபடத்தில் கோடு போட்டால் தெரியாது. நடுவே ஆறு தடச் சாலை இருந்தால் அந்தப் பத்து நிமிடத்தைக் குழந்தையோடு யார் நடப்பார்கள்?

கேட்டலாக் பார்த்து வாங்குவது பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று: மரம் இல்லாத இடத்தில் கருப்பு ரப்பர் தரை போட்டால் ஆகஸ்டில் குழந்தையின் கால் சுடும். தரையில் கை வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பழைய பத்திரங்களையும் எடுத்துப் பாருங்கள். 1964-ல் சட்டமான மத்திய அரசின் நில, நீர்ப் பாதுகாப்பு நிதியில் ஒரு காலத்தில் பணம் வாங்கிய பூங்கா என்றால், அந்த இடத்தை வெளிப்புறப் பொழுதுபோக்கு தவிர வேறு எதற்கும் மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் திருப்ப முடியாது; ஈடான மாற்று இடமும் தர வேண்டும். பூங்கா ஓரத்தில் தீயணைப்பு நிலையம் வைக்கலாம் என்று பேச ஆரம்பிக்குமுன் இதைப் பார்ப்பது ஒரு மத்தியான வேலை. ஆனால் யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் நெட்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விஷயம் புரிந்த பிறகு வந்த அக்டோபரில் ஒரு பக்கத் தாளும் அளவுகளும் கொடுத்தோம். ஐந்தாண்டுப் பட்டியலில் நான்காம் ஆண்டில், 'நிதி ஆதாரம் முடிவாகவில்லை' என்ற குறிப்போடு ஏறியது. இந்த வருடம் மூன்றாம் ஆண்டுக்கு வந்திருக்கிறது. முன்வரிசையில் ஜெர்சியோடு உட்கார்ந்திருந்த என் பையன் அதற்குள் காலேஜ் போய்விடுவான்.