பள்ளிக் கேன்டீனை விதிக்குள் கொண்டுவருவது எப்படி?

பள்ளிக் கேன்டீனில் எதை விற்பது என்பது நிர்வாகத்தின் விருப்பம் என்றே பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் வெளியிட்ட ஒழுங்குமுறையின்படி, கெட்ட கொழுப்போ, சேர்க்கப்பட்ட சர்க்கரையோ, உப்போ மிகுந்த உணவுகளைப் பள்ளிக் கேன்டீனிலும் விடுதிச் சமையலறையிலும் மட்டுமல்லாமல், பள்ளி வாயிலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது.

நிர்வாகத்திடம் பேசுவதற்கு முன் ஒரு வாரம், இடைவேளையில் எது அதிகம் விற்கிறது என்பதைக் குறித்து வையுங்கள். பிறகு அந்தப் பொட்டலங்களின் பின்புற அட்டவணையைப் படியுங்கள். 200 மில்லி பழச்சாறு டப்பாவில், 100 மில்லிக்குச் சர்க்கரை 13 கிராம் என்று இருந்தால் மொத்தம் 26 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டிக்கும் மேல். தனிச் சர்க்கரையிலிருந்து (சேர்க்கப்பட்ட சர்க்கரையும், தேன், பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையும்) வரும் ஆற்றல், நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அந்த 5 சதவீதம் வெறும் 25 கிராம்தான். ஒரே டப்பாவில் அது தீர்ந்துவிடுகிறது. ‘ஒரு பரிமாறலுக்கு’ என்று அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பொட்டலத்தில் இரண்டு மூன்று பரிமாறல்கள் இருக்கக்கூடும்.

எத்தனை கிராமுக்கு மேல் ‘மிகுதி’ என்ற வரம்பை அந்த ஒழுங்குமுறை எண்ணாகத் தரவில்லை என்பதால், ஒப்பந்தக்காரருடன் ஒவ்வொரு பண்டத்துக்கும் வாதாடுவது வீண். அனுமதிக்கப்படும் பண்டங்களின் பட்டியலைப் பள்ளியே ஓர் ஊட்டச்சத்து வல்லுநரின் உதவியோடு எழுதி, ஒப்பந்தத்தில் சேர்ப்பதே வழி. அப்போதே ஒப்பந்தக்காரருடைய உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமத்தின் 14 இலக்க எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

குளிர்பானத்தை முதலில் நிறுத்துங்கள். பஜ்ஜியையும் சிப்ஸையும் அடுத்து எடுக்கலாம். அலமாரியைக் காலியாக விட்டால் பிள்ளைகள் வாசலில் உள்ள பெட்டிக்கடைக்குத்தான் ஓடுவார்கள். எனவே சுண்டல், வேகவைத்த கடலை, வாழைப்பழம், கொய்யா, உப்புக் குறைத்த நீர்மோர் ஆகியவை அதே இடத்தில், முன்பிருந்த பண்டத்தைவிடக் குறைந்த விலையில் இருக்க வேண்டும். இடைவேளை பத்து நிமிடம்தான் என்றால், சுண்டல் மணி அடிப்பதற்கு முன்பே தொன்னைகளில் பிரித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். வரிசை நீண்டால் எந்த நல்ல உணவும் தோற்றுவிடும். கடலை மிட்டாயை ‘ஆரோக்கியம்’ என்று அள்ளிக் கொடுக்கவும் வேண்டாம், வெல்லமும் சர்க்கரைதான்.

தடை செய்யப்பட்ட பண்டங்களின் விளம்பரமும் பள்ளி வளாகத்துக்குள் கூடாது. குளிர்பான நிறுவனம் இலவசமாகக் கொடுத்த, சின்னம் பொறித்த குளிர்பெட்டியும் இதில் அடங்கும். வாசலில் உள்ள கடைக்காரரிடம் முதலில் தலைமையாசிரியர் நேரில் பேசட்டும். அதற்கும் பலனில்லை என்றால் மட்டும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

இதைச் சாக்காக வைத்துப் பிள்ளைகளை வகுப்பில் நிறுத்தி எடை பார்ப்பதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள்; மாற வேண்டியது கேன்டீன், பிள்ளையின் உடலைப் பற்றிய கேலிக்கு அங்கே இடமில்லை. ஒரு பருவம் முடிந்ததும் விற்பனைக் கணக்கைப் பார்ப்பதோடு, மாலையில் வகுப்பறைக் குப்பைத் தொட்டிகளையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். சிப்ஸ் உறைகள் அங்கே குறையவில்லை என்றால் அவை வீட்டிலிருந்து பையில் வருகின்றன என்று பொருள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பேச வேண்டியது அதைத்தான்.