குன்னூர்க் குருமாவும் வெளிநாட்டுச் சுங்கமும்: கசகசா பற்றிப் புதிதாக வருபவர்களுக்கு

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களின் பெட்டியைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம். தேயிலைத்தூள், வர்க்கி, யூக்கலிப்டஸ் தைலம், வீட்டில் அரைத்த மசாலாப் பொடி. வர்க்கி நொறுங்காமல் வந்து சேர்ந்தால் போதும், தைலம் கசியாமல் இருந்தால் போதும். மசாலாப் பொடியைத்தான் கிளம்பும் முன்பே விசாரிக்க வேண்டும், ஏனென்றால் அதில் கசகசா இருக்கக்கூடும்.

கோவை விமான நிலையத்தில் நேரே ஏறினால் நம்மவர்கள் பெரும்பாலும் இறங்குவது ஷார்ஜாவில், இல்லையென்றால் சிங்கப்பூரில். இரண்டு இடத்திலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். சவூதி அரேபியாவிலும் கத்தாரிலும் அப்படித்தான். ஊர் மளிகைக் கடையில் சோம்புக்கும் பட்டைக்கும் நடுவில் கிடக்கிற பொருளுக்கா இத்தனை கெடுபிடி என்று தோன்றும். கசகசா அபினிச் செடியின் விதை. பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால்தான் அபினி. விதைக்குள் அது இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அறுவடையின்போது காயின் பாலும் தூளும் விதையின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. சோதனைக்கூடத்தில், அபினியின் போதைச் சத்தான மார்பின் தென்படுவது அதனால்தான். இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் விதையை மட்டும் விலக்கி வைத்திருக்கிறது. அந்தச் சலுகை விமானம் ஏறும் வரைதான். லண்டன் விமான நிலையத்தில் தின்ற பன்னிலிருந்து உடையில் ஒட்டிய மூன்று விதைகளுக்காக ஒருவர் துபாயில் சிறைத்தண்டனை பெற்றதாக 2008-இல் செய்தி வந்தது. நீங்கள் கொண்டுபோவது கால் கிலோ.

நம் மலைக்கும் இந்தச் செடிக்கும் பழைய உறவு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நீலகிரிக்கு வந்த ஆங்கிலேயர்கள், படகர் நிலங்களில் கோதுமை, பார்லி, பூண்டு இவற்றோடு அபினிச் செடியும் விளைந்ததாக எழுதியிருக்கிறார்கள். இன்று மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில், உரிமம் பெற்றவர்கள் மட்டுமே பயிரிடலாம். அது நம் குருமாக்களுக்குப் போதாமல் துருக்கியிலிருந்தும் விதை வருகிறது. ஆகவே குன்னூர் மார்க்கெட்டில் விலை ஏறும்போது கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

பெட்டிக்கு வருவோம். "அம்மா, பொடியில் கசகசா போட்டீர்களா?" என்று கேட்டால், "இல்லையே, வாசனைக்குத் துளிதான்" என்று பதில் வரும். அந்தத் துளியும் வேண்டாம். குருமாப் பொடி, கறி மசாலா, சோமாசியின் பூரணம், அதிரசத்தின் மேல் தூவியது, எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள். கடையில் வாங்கிய பிரியாணி மசாலா என்றால் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். அறைத்தோழருக்காக யாரோ கொடுத்துவிடும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். சங்கடமாக இருந்தாலும் சரி. ஊரிலிருந்து பார்சலில் வரவழைப்பதும் இதே வம்புதான்.

கசகசா இல்லாமல் நீலகிரி குருமா உண்டா என்றால், உண்டு. கொத்தமல்லி, புதினா, பச்சைமிளகாய், தேங்காய் இருந்தால் குருமாவின் முக்கால்வாசி வந்துவிடும். கசகசா தருவது கெட்டித்தன்மையும் கடைசியில் மேலே மிதக்கிற மெல்லிய எண்ணெய்ப் படலமும். நால்வருக்கான குருமாவில் ஒரு தேக்கரண்டி கசகசாவுக்குப் பதிலாக ஆறேழு முந்திரியை வெந்நீரில் ஊறவைத்துத் தேங்காயோடு அரையுங்கள். வளைகுடாவில் பாகிஸ்தானியர் கடைகளில் மகஸ் என்று கேட்டால் உரித்த பூசணி, முலாம்பழ விதைகள் கிடைக்கும். என் நாக்குக்கு அதுதான் கசகசாவுக்கு மிக அருகில் வருகிறது. பொட்டுக்கடலை மலிவு. ஆனால் அடிபிடிக்கும், ஆறினால் களியாக இறுகிவிடும். எள்ளை மட்டும் போடாதீர்கள். அது குருமாவைத் தின்றுவிடும்.

ஐரோப்பாவுக்கு வந்தவர்களுக்கு நிலைமை நேர் எதிர். ஜெர்மனி, போலந்து, செக், ஹங்கேரி நாடுகளில் கேக்குக்குள் கசகசாவை அப்பிவைத்து விற்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல், கடைக்கு வரும் விதையில் மார்பினும் அதே பாலில் உள்ள கோடீனும் சேர்ந்து கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பது கருநீல விதை. ருசியில் குறையில்லை, ஆனால் குருமா சாம்பல் நிறமாகிவிடும். வெள்ளை விதைக்கு இந்தியக் கடைக்குத்தான் போக வேண்டும். இணையத்தில் 'கழுவாத விதை' என்று விற்பதைத் தொடவே வேண்டாம். அதை ஊறவைத்துக் குடித்து இறந்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே விதை வாங்கலாம், செடி வளர்க்கக் கூடாது. பால்கனித் தொட்டியில் தூவிப் பார்க்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள்.

வேலையில் சேரும் முன் சிறுநீர்ச் சோதனை இருந்தால் ஒரு வாரம் கசகசாவைத் தவிர்த்துவிடுங்கள். இந்த விதையால் நிரபராதிகள் மாட்டிக்கொண்டதால்தான் அமெரிக்க அரசு 1998-இல் மார்பினுக்கான வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000-ஆக உயர்த்தியது. அப்படியும் 2023-இல் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் வீரர்களிடம் கசகசாவைத் தவிர்க்கச் சொன்னது.

வாங்கியாயிற்று என்றால் அரைக்கும் விதம் தெரிய வேண்டும். ஒரு கிராமில் ஏறக்குறைய மூவாயிரம் விதைகள். சாதாரண வடிகட்டியில் பாதி ஓடிவிடும், துணியில் வடியுங்கள். வெதுவெதுப்பான நீரில் அரைமணி ஊறவைத்து, மிக்ஸியின் சின்ன ஜாரில் முதலில் அதை மட்டும் அரையுங்கள். தேங்காயோடு சேர்த்துப் போட்டால் விதை அரைபடாமல் பல்லில் மாட்டும். விரலால் தேய்த்தால் நறநறப்பு இருக்கக் கூடாது. இதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு எண்ணெய்தான் என்பதால் சீக்கிரம் காறல் அடிக்கும். ஊரில் குளிருக்கு அலமாரியிலேயே கிடந்திருக்கும். இங்கே ஐரோப்பாவில் ஹீட்டர் ஓடும் சமையலறையில் அது நடக்காது, பொட்டலத்தைப் பிரித்ததும் இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். அரைத்துவிட்டால் அன்றே தீர்த்துவிடுங்கள்.