குட்டிப் பழம்பொருட்களுக்கு ஒரு குட்டி அறை

அறையின் அளவைப் பொருளை வைத்தே முடிவு செய்யுங்கள். இரண்டடிக் குத்துவிளக்கின் குட்டி உருவம் 2 அங்குலம் என்றால் விகிதம் 1:12; எட்டடிச் சுவருக்கு 8 அங்குலம் போதும். வேறு விகிதத்தில் உள்ள பொருளை அதே அறையில் வைத்தால் கண்ணை உறுத்தும்.

அறையாக அமையும் பெட்டிக்கு 6 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை. உள்ளே இரண்டு தரம் வார்ணிஷ் அடித்து, மணம் முற்றாகப் போகும்வரை திறந்தே விடுங்கள். பலகையும் பசையும் விடும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும், பித்தளையையும் மங்கவைக்கும்.

வன்னி மண்வீட்டுச் சுவருக்குப் புற்றுமண்தான் அழகு. சட்டியில் வறுத்து, துணியில் சலித்து, மூன்று பங்குக்கு ஒரு பங்கு வெள்ளைப் பசை சேர்த்துக் குழையுங்கள். வார்ணிஷை அரத்தாளால் உரசினால்தான் மண் பிடிக்கும். தடிப்பாகப் பூசினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். ஒரு மில்லிமீற்றராக இரண்டு தடவை பூசுங்கள். கையால் மெழுக வேண்டாம், விரல் தடம் அந்த அறைக்குள் பூதாகரமாகத் தெரியும். ஈரத் தூரிகையே நல்லது.

பொருட்களை சூப்பர் குளூவால் ஒட்டவே கூடாது. வெண்புகை படியும், பிறகு சேதமில்லாமல் கழற்றுவதும் கடினம். மெல்லிய தங்கூசியால் (நைலோன் இழையால்) பின்சுவரோடு கட்டுங்கள்.

மாரிக்கு முன் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வையுங்கள். பெட்டியை நிலத்திலோ சுவரோடு ஒட்டியோ வைத்தால் கறையான் ஏறிவிடும்.