திசுப் பொறியியலில் ஆய்வு வேலை: டெல்டா பிள்ளைகள் தேட வேண்டிய விதம்

உடல் திசுக்களை ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கும் துறைதான் திசுப் பொறியியல். ‘திசுப் பொறியியல்’ என்று துறைப் பெயரை வைத்து வேலை தேடினால் கையில் சிக்குவது சொற்பம். இந்த வேலைகள் துறையின் பெயரில் வருவதில்லை, புராஜெக்ட்டின் பெயரில் வருகின்றன. பயோமெட்டீரியல்ஸ், ஹைட்ரோஜெல், ஸ்கஃபோல்ட் (செல்கள் பற்றி வளரும் சட்டகம்), பயோபிரின்டிங், ஸ்டெம் செல், காயம் ஆற்றும் பூச்சு என்று தேடுங்கள். மெட்டலர்ஜி, வேதியியல் துறைகளின் அறிவிப்புகளையும் விடாதீர்கள். எலும்பு இம்பிளான்ட் ஆய்வு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

முதலில் பணம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிடித்த ஆய்வுக்கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் பத்தி இருக்கும். டிபிடி, ஐசிஎம்ஆர், ஏஎன்ஆர்எஃப் (பழைய எஸ்இஆர்பி) என்று நிதி கொடுத்த மத்திய அரசு அமைப்பின் பெயர் அதில் வரும். அண்மையில் நிதி வாங்கிய பேராசிரியரிடம் ஆள் தேவை இருக்க வாய்ப்பு அதிகம்.

பக்கத்திலேயே தொடங்கலாம்: தஞ்சாவூர் சாஸ்த்ராவின் நானோ மற்றும் பயோமெட்டீரியல்ஸ் மையம், திருச்சி என்ஐடி, பாரதிதாசன், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம். அடுத்த வட்டத்தில் கொலாஜன் (தோல், எலும்பில் உள்ள புரதம்) ஆய்வுக்குச் சென்னை சிஎல்ஆர்ஐ (மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம்), ஸ்டெம் செல்லுக்கு வேலூர் சிஎம்சி வளாகம், ஐஐடி மெட்ராஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ ஆய்வு நிறுவனம். இவற்றின் இணையதளங்களில் வேலைவாய்ப்புப் பக்கத்தை வாரம் இருமுறை நீங்களே திறந்து பாருங்கள். வாட்ஸ்அப் குழுவை நம்பினால், மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருவது போலத்தான்: கடைசித் தேதி முடிந்தபின் வரும்.

ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ) என்றால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இதற்கு நெட் அல்லது கேட் தேர்வில் தேர்ச்சி கேட்பார்கள். இல்லாதவர்கள் புராஜெக்ட் அசோசியேட்டுக்குப் போடலாம், சம்பளம் குறையும். கேட் மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். உயிரித் தொழில்நுட்பத்துக்கும் உயிர்மருத்துவப் பொறியியலுக்கும் தனித்தனித் தாள் உண்டு.

மின்னஞ்சலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். 150 சொல் போதும். அவருடைய எந்தக் கட்டுரையில் எந்தப் படம் உங்களை யோசிக்க வைத்தது, உங்கள் கைக்கு என்ன தெரியும், எப்போது சேர முடியும், அவ்வளவுதான். ‘செல் கல்ச்சர் தெரியும்’ என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். ‘எல்929 எலி செல்களை 4 மாதம் வளர்த்தேன், செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் எம்டிடி சோதனை செய்தேன், பூஞ்சை வந்தபோது இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டைச் சுத்தம் செய்தேன்’ என்று எழுதுங்கள். எலக்ட்ரோஸ்பின்னிங் (மின்னழுத்தத்தால் பாலிமர் கரைசலை மெல்லிய இழையாக இழுப்பது) செய்திருந்தால் பாலிமர், வோல்டேஜ், ஊசிக்கும் கலெக்டருக்கும் இடையிலான தூரம் மூன்றையும் குறிப்பிடுங்கள். இழையில் மணி (நடுநடுவே உருண்டை முடிச்சு) விழுந்ததை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று நேர்காணலில் கேட்பார்கள். கரைசலின் செறிவு குறைவாக இருந்தால் மணி விழும் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

நேரடி நேர்காணலுக்குப் பயணப்படி பெரும்பாலும் கிடையாது. உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். அசல் சான்றிதழ்களோடு இரண்டு செட் நகல் எடுத்துப் போங்கள். பட்டம் இன்னும் வரவில்லை என்றால் புரொவிஷனல் (தற்காலிகச்) சான்றிதழ் அவசியம், அதற்குப் பல்கலைக்கழகத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

சேருமுன் இரண்டு கேள்வி: புராஜெக்ட்டில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி? பிஎச்டி பதிவு செய்ய முடியுமா? 3 ஆண்டுத் திட்டத்தில் 8 மாதம்தான் மிச்சம் என்றால், செல் வளர்த்து முடிவு எடுப்பதற்குள் நிதி நின்றுவிடும்.