கயிறு பாறையைத் தொடக்கூடாது: செங்குத்துக் குகைக்குக் கயிறு கட்டும் முறை

பத்துமலையின் 272 படிகளையும் ஏறி, கோயில் குகைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து எப்படி மேல்நோக்கித் திறந்த பெருந்துளைகளை உண்டாக்குகிறது என்பது ஓரளவு விளங்கும். அத்தகைய துளைகளுக்குள் கயிற்றில் இறங்கி, அதே கயிற்றில் ஏறி வெளியேறுவதை ஒற்றைக் கயிற்று நுட்பம் என்பார்கள். கோலாலம்பூரில் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்போது நான் முதலில் சொல்வது, எடை தாங்கும் கயிறு பாறையில் உரசக்கூடாது என்பதே. ஏறுபவர் ஒவ்வொரு முறை எம்பும்போதும் கயிறு நீண்டு சுருங்குவதால், கூரிய விளிம்பு அதன்மேல் ரம்பமாக வேலை செய்கிறது. ஒரு பயிற்சியில், உரசலைத் தடுக்கப் பாறை விளிம்பில் இட்ட விரிப்பு நழுவியதை நான் கவனிக்கவில்லை. சில ஏற்றங்களிலேயே கயிற்றின் மேலுறை பஞ்சாகி, உள்ளிழை வெள்ளையாகத் தெரிந்தது.

இந்த உரசலைச் சமாளிப்பதில்தான் பாணிகள் பிரிகின்றன. அமெரிக்காவில் வளர்ந்த பாணியில், 11 மில்லிமீட்டர் பருமனுள்ள, உரசலைத் தாங்கும் கயிற்றை மேலே உறுதியான மரத்திலோ பாறையிலோ கட்டி, விளிம்பில் விரிப்பு வைத்து, அடிவரை ஒரே நீளமாக விடுவார்கள். ஐரோப்பிய ஆல்பைன் பாணியில் 9 மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய கயிறு போதும். ஆனால் உரசும் இடம் வருமுன்னரே சுவரில் புதிய போல்ட் அடித்து அங்கிருந்து கயிற்றை மறுபடியும் தொங்கவிட வேண்டும். இதுதான் ரீபிலே. ஒருவர் அதைக் கடந்ததும் அடுத்தவர் தனித் துண்டில் புறப்படலாம் என்பதால் நேரமும் மிச்சம். காட்டுக்குள் நெடுந்தூரம் சுமை தூக்க வேண்டிய நமக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து. ஆயினும் ரீபிலே கடக்கும் பழக்கம் கைக்கு வராத குழுவுக்குத் தடித்த கயிறே மேல்.

போல்ட் அடிக்குமுன் பாறையைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் கெட்டிப் பாறை, பொத்தென்று ஒலித்தால் உள்ளே வெற்றிடம். எவ்வளவு தடித்துத் தெரிந்தாலும் தொங்கு பாறைகளில் கயிற்றைக் கட்டாதீர்கள். மேல் நங்கூரம், அதாவது கயிற்றைக் கட்டும் பிடிப்பு, எப்போதும் இரண்டாக இருக்கட்டும். அவற்றை இரட்டைக்காது எட்டு முடிச்சால் (இரண்டு கண்ணிகள் உள்ள எட்டு வடிவ முடிச்சு) இணைக்கும்போது இடைக்கோணம் 90 பாகைக்குள் அடங்க வேண்டும். 120 பாகையானால் ஒவ்வொரு நங்கூரமும் முழு எடையையும் சுமக்கும், பகிர்ந்ததன் பயனே இல்லை. ரீபிலேயில் விடும் தொய்வு, இறங்கு கருவியைக் கழற்றி மாட்டப் போதுமான அளவே இருக்கட்டும், கூடினால் நங்கூரம் பிடுங்கும்போது விழும் தூரமும் கூடும். கயிற்றின் நுனியில் தடுப்பு முடிச்சு போடாமல் ஒருவரும் இறங்கக்கூடாது.

ஹார்ட்வேர் கடையின் நீலப் பிளாஸ்டிக் கயிறு மூட்டை கட்டத்தான். நீட்சி குறைந்த நைலான் கயிறே தேவை, அதையும் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழுவி, விரல்களால் முழு நீளமும் தடவிப் பார்க்க வேண்டும்.

சேணத்தில் (இடுப்பிலும் தொடைகளிலும் கட்டும் வார்ப்பட்டை) அசைவின்றித் தொங்குபவர் சில நிமிடங்களிலேயே நினைவிழக்கக்கூடும். ஆகவே கயிற்றில் சிக்கியவரை இறக்கும் பயிற்சி குழுவில் எல்லோருக்கும் இருக்க வேண்டும். பிற்பகல் மழைக்கு முன் வெளியேறும்படி நேரத்தைத் திட்டமிடுங்கள். அடியை அடைந்தவர் கருவியைக் கழற்றி, கல் விழக்கூடிய இடத்தைவிட்டு விலகிய பிறகே “கயிறு காலி” என்று குரல் கொடுக்கட்டும். எதிரொலியில் சொல் கரைந்துவிடுவதால், அதற்கான விசில் சைகையை மேலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.