கட்டுநாயக்காவிலிருந்து ரொறன்ரோ: தூரமும் நேரமும் கணக்கிடும் முறை

இலங்கையின் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து கனடாவின் ரொறன்ரோவுக்கான பிரயாணச்சீட்டில் அதிகாலை 3.00 மணிக்குப் புறப்பாடு, அதே நாள் பிற்பகல் 1.30க்கு வருகை என்று இருக்கும். கழித்துப் பார்த்து "பத்தரை மணித்தியாலம்தானே" என்பார்கள். உண்மையில் அது 21 மணித்தியாலம். சீட்டில் உள்ளது அந்தந்த ஊர் நேரம்.

முதலில் தூரம். கட்டுநாயக்கா வடக்கு 7.18, கிழக்கு 79.88 பாகை. ரொறன்ரோ வடக்கு 43.68, மேற்கு 79.63. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் நெட்டாங்குகளைக் கூட்ட வேண்டும்: 159.51. இரு அகலாங்குகளின் சைன்களைப் பெருக்கினால் 0.086. அவற்றின் கோசைன்களையும் 159.51இன் கோசைனையும் பெருக்கினால் −0.672. இரண்டையும் கூட்ட −0.586. இதன் நேர்மாறு கோசைன் 125.9 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீற்றர், ஆகவே ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். கல்குலேற்றர் ரேடியனில் (கோணத்தின் இன்னோர் அலகு) நின்றால் விடை கண்டபடி வரும். பாகைக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். சுவர்ப்படத்தில் அடிமட்டம் வைத்து அளப்பது வீண்வேலை, உருண்டையைத் தட்டையாக்கிய படம் அது.

நேரடி விமானம் இல்லை. டுபாய் வழியென்றால் அதுவரை 3,290 கிலோமீற்றர், பிறகு 11,080. மொத்தம் 14,370. சுற்றுவழி என்று தோன்றினாலும் கூடுதல் 370 கிலோமீற்றர்தான். நேரத்தைத் தின்பது காத்திருப்பு.

மேற்கே போகும்போது உயரக் காற்று பெரும்பாலும் எதிர்க்கும். மணிக்கு 850 கிலோமீற்றர் என்று வகுத்து, ஏறி இறங்கவும் ஓடுபாதைக்கும் ஒவ்வொரு பறப்புக்கும் அரை மணித்தியாலம் சேருங்கள்: ஏறத்தாழ 4.20 (4 மணித்தியாலம் 20 நிமிடம்), 13.30. இடையில் 3 மணித்தியாலம் தங்கல். மொத்தம் 20.50, ஏறத்தாழ 21 மணித்தியாலம். திரும்பி வரும்போது 900ஆல் வகுக்கலாம். மொத்தம் ஒரு மணித்தியாலம் அளவில் குறையும். விமானங்கள் நேர்கோட்டில் பறப்பதில்லை, தாமதத்துக்கும் இடம் விட்டே அட்டவணை போடுவார்கள். அதனால் சீட்டில் சற்றுக் கூடவே இருக்கும். பலாலி (யாழ்ப்பாண விமான நிலையம்)–சென்னை போன்ற 356 கிலோமீற்றர் பறப்புக்கு இக்கணக்கு பொருந்தாது. ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும்.

அடுத்தது மணிக்கூடு. மாரியில் ரொறன்ரோ நம்மைவிட 10.30 மணித்தியாலம் பின்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 9.30. அதிகாலை 3.00 + 21 = நம்மூர் நள்ளிரவு; 10.30ஐக் கழிக்க பிற்பகல் 1.30. கோடையில் இதுவே 2.30. அழைத்துப் போக வருபவருக்கு இதைச் சொல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம் வீணாகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு வீதியால் ஏறக்குறைய 8 மணித்தியாலம், விமான நிலையத்தில் 3. வாசலில் கால் வைத்ததிலிருந்து 32 மணித்தியாலம். சென்னை வழி போகலாம்தான், ஆனால் சீட்டுகள் தனித்தனியாக இருந்து பொதிகளை அங்கே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருந்தால் முன்கூட்டியே இந்திய விசா எடுத்திருக்க வேண்டும்.